யாருடைய முழம்?

1

அம்மாவின் சமையலறையை இடித்துக் கட்டுவது என்று 2024இல் முடிவானபோது முதலில் வந்தது கொத்தனார் அல்ல, ஒரு கம்பெனிப் பையன். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய லேசர் கருவி. அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் பொத்தானை அமுக்கினான். எதிர்ச்சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது, திரையில் எண் வந்தது. ஒவ்வொரு சுவரையும் தரையருகில், இடுப்புயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் எடுத்தான். மூன்றும் மூன்று அளவு. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் எடுத்தான். அதுவும் 40 மில்லிமீட்டர் உதைத்தது. "ரூம் ஸ்கொயரா இல்ல சார். பழைய சுண்ணாம்புச் சுவரு, வயிறு தள்ளியிருக்கு" என்றான். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தண்ணீர்க் குழாய் மூலையிலிருந்து எவ்வளவு தூரம், சாக்கடைத் துவாரம் எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். ஃபிரிட்ஜின் அகலத்தைக் கேட்டான். அடுப்பு என்ன மாடல், சிம்னி என்ன மாடல் என்று கேட்டான். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது.

அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிளம்பும்போது கேட்டாள்: "எல்லாத்தையும் அளந்தியே தம்பி, என்னை அளக்கலியே?"

பையன் சிரித்தான். "மேடை ஸ்டாண்டர்ட் ஹைட்தாம்மா, 850" என்றான். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அந்தச் சிரிப்பு உறுத்தியது. அந்த 850 என்ற எண் எங்கிருந்து வந்தது, அதற்குள் யாருடைய உடல் இருக்கிறது என்று தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

2

அந்த அறை ஏற்கெனவே ஒருமுறை அளக்கப்பட்டது. அது 1979இல். அதுவரை அங்கே மேடை கிடையாது. தரையில் மண் அடுப்பு. பக்கத்தில் அம்மி, அரிவாள்மணை. உட்கார்ந்தோ குந்தியோதான் எல்லா வேலையும். பிறகு கேஸ் வந்தது. கேஸ் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கணும் என்பது பாதுகாப்பு விதி. ஆக, மேடை வேண்டும். மேடைக்கடியில் சிலிண்டர் நிற்கணும், அதன் தலையில் ரெகுலேட்டரை மாட்டக் கை நுழையணும். தரையில் உட்கார்ந்து சமைத்த ஒரு தலைமுறைப் பெண்களை எழுந்து நிற்க வைத்தது நவீனத்துவம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதைச் செய்தது ஒரு இரும்புச் சிலிண்டரின் உயரம்.

ஊர் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். எங்களுடையது ஆதிக்கசாதி வீடு. கொத்தனார் சேரியிலிருந்து வந்தவர். கொல்லை வழியாக வந்து அடுப்பங்கரை வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. டேப்பின் நுனியை அம்மா கையில் கொடுக்காமல் படியில் வைத்தார். அம்மா குனிந்து எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போனாள். நீளத்தை அவர் படியிலிருந்தே படித்துவிட்டார். குறுக்களவை அம்மாதான் படிக்க வேண்டியிருந்தது. "எத்தனாவது கோடு பாருங்கம்மா" என்று அவர் வெளியிலிருந்து கேட்க, அம்மா சொல்ல, அப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். 1956இலேயே மெட்ரிக் அளவைச் சட்டமாக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாம் அடியும் அங்குலமும்தான்.

கடைசியாக, "மேடை எவ்ளோ உசரம்?" என்று கொத்தனார் கேட்டார். கேட்டது அப்பாவை. "எல்லா வீட்லயும் வைக்கிறதுதான்" என்றார் அப்பா. ரெண்டே முக்கால் அடி என்று முடிவாயிற்று. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவளை இருவருமே கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே கொத்தனார் சம்மட்டியோடு அதே அறைக்குள் போய் நாலு நாள் வேலை செய்தார். அதற்கு முன்பே விளக்கும் ஊறுகாய் ஜாடிகளும் பாத்திரங்களும் கூடத்துக்கு வந்துவிட்டன. வேலை முடிந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுப் பால் காய்ச்சினார்கள். அளக்கும்போது அது அடுப்பங்கரை, இடிக்கும்போது வெறும் அறை. எனக்கு அப்போது எட்டு வயசு. இதில் வினோதமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

அம்மா 4 அடி 9 அங்குலம். நின்றால் முழங்கை தரையிலிருந்து 36 அங்குலத்தில் வருகிறது. வயதில் கொஞ்சம் குறுகியிருப்பாள் என்று வைத்துக்கொண்டாலும் அன்றைக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. மேடை 33 அங்குலம், அதன்மேல் அடுப்பு 4 அங்குலம், அதன்மேல் குழம்புச் சட்டியோ குக்கரோ ஒரு 8 அங்குலம். பாத்திரத்தின் விளிம்பு 45 அங்குலத்தில் நிற்கிறது. முழங்கைக்கு 9 அங்குலம் மேலே, கிட்டத்தட்டத் தோள்மட்டத்தில். ஒவ்வொரு தடவை கிளறும்போதும் கையைத் தூக்கிக்கொண்டே கிளறணும். அம்மாவின் வலது தோளுக்கு எண்ணெய், ஒத்தடம், ஊசி என்று எத்தனையோ வைத்தியம் பார்த்தோம். மேடையை யாரும் பார்க்கவில்லை.

ஒருவர் பார்த்தார். அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு சென்ட்ரிங் பலகைத் துண்டு வெகுகாலம் கிடந்தது. அம்மா அதன்மேல் ஏறி நின்றுதான் சமைப்பாள். அது எப்படி வந்தது என்று இப்போதுதான் கேட்டேன். "கடைசி நாளு கொத்தனாரு போட்டுட்டுப் போனாரு. ஒங்களுக்கு எட்டாதும்மான்னாரு" என்றாள்.

3

அளவு என்பது பொருளின் குணம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். சரித்திரம் வேறு மாதிரிச் சொல்கிறது. போலந்து வரலாற்றாசிரியர் விடோல்ட் கூலா, அளவைகளும் மனிதர்களும் பற்றி 1970இல் வெளிவந்த தன் நூலில், பழைய ஐரோப்பாவில் அளவைகள் அதிகாரத்தின் உடைமையாக இருந்ததைக் காட்டுகிறார். வாங்கும் மரக்கால் பெரிது, கொடுக்கும் மரக்கால் சிறிது. 1789இல் பிரெஞ்சுக் குடியானவர்கள் எழுதி அனுப்பிய குறைப்பட்டியல்களில் அளவை மோசடி மறுபடி மறுபடி வருகிறது.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'படியளக்கிறவன்' என்று கடவுளையும் முதலாளியையும் ஒரே சொல்லால் கூப்பிடும் மொழி நம்முடையது. இதே தஞ்சை மாவட்டத்தில், கூலியாகக் கூடுதலாய் அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். படி யார் கையில் இருக்கிறது என்பது உயிர்போகிற கேள்வியாக இருந்த நிலம் இது.

கட்டடத்தின் அளவுக்கும் இதே கதை உண்டு. மயமதம் போன்ற சிற்ப நூல்களில் எட்டு யவம் ஒரு அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். இது தானியத்திலிருந்து பிறந்த அளவு. இன்னொரு அங்குலமும் இருக்கிறது. மாத்ராங்குலம் என்று பெயர். நடுவிரலின் நடுக்கணுவிலிருந்து எடுப்பது. யாருடைய விரல்? கட்டுவிக்கிற எஜமானனுடையது, அல்லது ஆசாரியனுடையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 16 சாண் கோல், 18 சாண் கோல் என்று பல கோல்கள் வருகின்றன. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டியும் வைத்தார்கள். சாண், முழம், அடி எல்லாமே உடலின் பெயர்கள். ஆனால் எந்த உடலும் அளவாகிவிட முடியாது. மனையடி சாஸ்திரம் உள்கூட்டு அளவில் 7 அடி ஆகாது, 8 அடி ஆகும், 9 அடி ஆகாது என்று பலன் சொல்லும். அடுப்பங்கரையை அக்கினி மூலையில் வைக்கச் சொல்லும். அந்த மூலையில் ஆயுசு முழுக்க நிற்கப்போகிறவளின் முழங்கை எங்கே வரும் என்ற கேள்வி நான் பார்த்த மனையடிப் பஞ்சாங்கங்களில் இல்லை.

மீட்டர் வந்தது இந்த எஜமான விரலுக்கு எதிராகத்தான். எந்தப் பிரபுவின் பாதமும் வேண்டாம், பூமியையே அளப்போம் என்றது பிரெஞ்சுப் புரட்சி. 1983 முதல் மீட்டரின் வரையறை ஒளியின் வேகத்தில் நிற்கிறது. கம்பெனிப் பையன் கையிலிருந்த சிவப்புப் புள்ளிக்குச் சாதி கிடையாது. அது வாசற்படியில் நிற்காது. இது சாதாரண விஷயமல்ல. ஆனால், யாருடைய உடலுக்கும் சொந்தமில்லாத கருவியால் அளந்துவிட்டு, அதே மூச்சில் 850 என்று அவன் சொன்னபோது ஒரு உடல் திரும்ப உள்ளே வந்துவிட்டது.

4

அந்த உடலைத் தேடினால் சமையலறைகளை முதன்முதலாக விஞ்ஞானமாக அளந்தவர்களிடம் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் பெண்கள்.

தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த டெய்லரின் நூல் 1911இல் வந்தது. அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃபிரெடரிக் 1912இலிருந்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவ எத்தனை அசைவு, அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே எத்தனை நடை என்று எண்ணினார். இரண்டு சமையலறை வரைபடங்களை வரைந்தார். ஒன்றில் நடைக்கோடுகள் சிக்குப்பிடித்த நூல் மாதிரி, இன்னொன்றில் நேராக. வேலை செய்யும் மேடை அதில் நிற்கிறவளின் உயரத்துக்கு ஏற்ப இருக்கணும் என்று அவர் அன்றைக்கே எழுதினார்.

அவரைப் படித்தவர் வியன்னாவின் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. எர்ன்ஸ்ட் மையின் தலைமையில் நடந்த ஃபிராங்ஃபர்ட் நகர வீட்டுவசதித் திட்டத்துக்காக 1926இல் அவர் வடிவமைத்ததுதான் ஃபிராங்ஃபர்ட் சமையலறை. சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறை அவருக்கு முன்மாதிரி. கிட்டத்தட்ட 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்றைக்கு நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதன் பாட்டி இது. அவர் கம்யூனிஸ்ட். நாஜி எதிர்ப்பு வேலைக்காக 1941இல் கைதாகி 1945 வரை சிறையில் இருந்தவர். வேலையின் நேரத்தைக் குறைத்தால் பெண்ணுக்குப் பொழுது மிஞ்சும், அந்தப் பொழுதில் அவள் வீட்டுக்கு வெளியே ஒரு மனுஷியாவாள் என்பது அவர் கணக்கு. தான் அதுவரை சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். ஃபிராங்ஃபர்ட் சமையலறையில் ஜன்னலோரம் வேலை செய்யும் பலகைக்கு முன்னால் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சுழல் முக்காலி உண்டு. உட்கார்ந்து நறுக்குவதற்காக. நவீன சமையலறையைக் கண்டுபிடித்தவளே பெண்ணை உட்காரச் சொன்னாள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நம் பெண்களை நாம் அதே நவீனத்தின் பேரால் நிற்க வைத்தோம். முக்காலி வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

லில்லியன் கில்பிரெத் 1929 வாக்கில் ஒரு கேஸ் கம்பெனிக்காக அமைத்துக்காட்டிய சமையலறையில், ஸ்ட்ராபெரி கேக் ஒன்று செய்ய 281 நடையாக இருந்தது 45 ஆகக் குறைந்தது. இந்தக் கணக்கின் வசீகரத்தை மறுக்க முடியாது. ஆனால் மிச்சமான 236 நடை எங்கே போயிற்று? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வில் காட்டுவது இதுதான்: அமெரிக்க வீடுகளில் கருவிகள் கூடக்கூட, உடன் உழைத்த ஆண்களின் குழந்தைகளின் வேலை குறைந்தது, தாயின் வேலைநேரம் குறையவில்லை. எதிர்பார்ப்பு ஏறியது. கிறிஸ்டீன் ஃபிரெடரிக்கே 1929இல் எழுதிய புத்தகம் நுகர்வோரான இல்லத்தரசிக்குப் பொருள்களை எப்படி விற்பது என்பதைப் பற்றியது. அளந்தவர் விற்பவரானார். ஃபிராங்ஃபர்ட்டிலும் இரண்டாவது ஆள் நின்று வேலை செய்ய இடமில்லாதபடி அறை குறுகியிருந்தது. ஒருத்திக்குக் கச்சிதமாக அளக்கப்பட்ட இடம், அந்த ஒருத்தியை மட்டும் உள்ளே அனுமதிக்கும் இடமாகவும் ஆயிற்று.

உடலை நுணுக்கமாக அளப்பது உடலைப் பழக்குவதன் முதல்படி என்று பூக்கோ சொல்வது நினைவுக்கு வருகிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என் அம்மாவின் தோள்வலிக்கு நியாயம் செய்ததாகாது. அவளை யாரும் கண்காணித்து அளக்கவில்லை. அளக்காமல் விட்டார்கள். அளக்கப்படுவது ஒரு அதிகாரம் என்றால் அளக்கப்படாமல் விடுபடுவது இன்னொன்று.

5

ஃபிரெடரிக் 'அவளவள் உயரத்துக்கு' என்று சொன்னது எப்படி ஒற்றை எண்ணாயிற்று? தொழிற்சாலையில் பெட்டிகள் வரிசையாக உற்பத்தியாக வேண்டும், அடுப்பும் அலமாரியும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். அமெரிக்காவில் அது 36 அங்குலமாக உறைந்தது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் நாய்ஃபெர்ட் 1936இல் கட்டடக் கலைஞர்களுக்கான அளவுக் கையேட்டை வெளியிட்டார். இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் புரட்டும் புத்தகம். லெ கார்பூசியே தன் 'மாடுலர்' அளவுமுறையை முதலில் 1.75 மீட்டர் மனிதனிலிருந்து தொடங்கினார். பிறகு 1.83க்கு மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் நல்ல உடற்கட்டுள்ள போலீஸ்காரன் ஆறடி இருப்பான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1950களில் சண்டிகர் எழும்பியபோது அந்த ஆறடி மனிதனும் கூடவே வந்தான். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டியது.

நம்முடைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனிச் சாப்பாட்டு இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்கும், அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக்கூடாது என்கிறது. ஃபிராங்ஃபர்ட்டின் 1.9க்கு ரொம்பப் பக்கம். அறைக்குக் குறைந்தபட்ச அளவு தேவைதான், இல்லாவிட்டால் கட்டித் தருகிறவன் அலமாரிக்குள் அடுப்பை வைத்துவிடுவான். ஆனால் இந்த எண்கள் எல்லாம் அறையின் எண்கள். அப்பாவின் ரெண்டே முக்கால் அடி என்பது 838 மில்லிமீட்டர். கம்பெனியின் 850க்கும் அதற்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். 45 வருஷத்தில் அம்மாவுக்கு வந்த மாற்றம் அவ்வளவுதான், அதுவும் மேல்நோக்கி. 'எல்லா வீட்லயும் வைக்கிறதுதான்' என்பதை இப்போது 'ஸ்டாண்டர்ட்' என்கிறோம்.

6

மறுநாள் அம்மாவை அளந்தேன். செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, டேப்பைத் தரையிலிருந்து தூக்கினேன். அவள் கூச்சப்பட்டாள். தையற்காரனுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருப்பது வசதி. அடுப்பு வைக்கும் இடம் அதற்கும் கீழே இறங்கினால் நல்லது. 30 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வந்தது. கம்பெனிக்குப் போன் பண்ணினேன். செய்யலாம் சார், தனி அளவு, கூடுதல் செலவாகும் என்றார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். அம்மா விடவில்லை. "முப்பதுல வச்சா நீ எப்படிச் சமைப்பே? குனிஞ்சா இடுப்பு போயிடுமேம்பே" என்றாள். நான் 5 அடி 8 அங்குலம். அந்த அறையில் நான் சமைப்பேன் என்பதே என் கணக்கில் இல்லை. அவள் உடலுக்குக் கச்சிதமாக ஒரு மேடை செய்வதன் மூலம் அவளை அங்கேயே நிரந்தரமாக நிறுத்தத் தயாராகியிருந்தேன். 1979இல் அவளைக் கேட்காமல் அளந்தோம், இப்போது கேட்டு அளந்து அதையே செய்யப் பார்த்தேன். 2019இல் நடந்த நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவழிப்பது 299 நிமிஷம். ஈடுபடும் ஆண் 97 நிமிஷம். அப்படி ஈடுபடும் ஆண்களே 26.1 சதவீதம்தான். இந்த எண்ணை எந்த லேசரும் சுவரில் காட்டாது.

இன்னொருத்தியையும் நான் மறந்திருந்தேன். பாத்திரம் துலக்க வரும் அக்கா. சில வருஷம் முன்புவரை பாத்திரங்களைக் கொல்லையில் போட்டுவிடுவோம். அவர் அடுப்பங்கரைக்குள் வந்து வேலை செய்வது அண்மையில்தான் வழக்கமானது. புது வரைபடத்தில் தொட்டி எந்த உயரம் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டபோது, "என்னையா கேக்குறீங்க?" என்றார். எங்கள் வீட்டில் அவர்தான் உயரமான பெண். தாழ்ந்த தொட்டியில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்வதாக அப்போதுதான் சொன்னார்.

கடைசியில் மூன்று உயரம் வைத்தோம். அடுப்புக்கு 30 அங்குலம். தொட்டி அந்த அக்கா சொன்ன உயரத்தில். ஜன்னலோரம் 35 அங்குலத்தில் ஒரு நீட்டுப் பலகை, நான் நின்று நறுக்க. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி, அம்மா உட்கார்ந்து எனக்குச் சொல்லித்தர. மூன்று மட்டமும் ஒன்றோடொன்று சேராமல் பார்க்கக் கோணலாகத்தான் இருக்கிறது. மாட்ட வந்த பையன் முகம் சுளித்தான்: "லைன் கட்டாவுது சார்."

இடிப்பதற்கு முன்னால் சாமான்களை ஒழித்தபோது அந்தப் பலகைத் துண்டைத் தூக்கிப்போடவா என்று கேட்டேன். தேய்ந்து நடுவில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. "இருக்கட்டும்" என்றாள் அம்மா. கொத்தனார் காலமாகி ரொம்ப வருஷமாயிற்று. அந்த அடுப்பங்கரையில் அம்மாவைப் பார்த்து அளந்தவர் அவர் ஒருவர்தான். டேப்பை உள்ளே கொண்டுவர அவருக்கு அனுமதி இருந்திருந்தால் அந்த மேடை என்ன உயரத்தில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.